அனல் வாதமும் ஃபௌசியா மெஸ்ஸும்

பழைய கல்லைக் கண்டால் கும்பிடுகிறவர்கள் உண்டு, அதில் துணி துவைக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாலும் கல்லுக்குப் பெரிய கெடுதல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்லைக் காப்பாற்ற ஓர் ஆணையம் ஜீப்பில் கிளம்பி வரும்போதுதான் கல்லுக்கு ஆபத்து ஆரம்பமாகிறது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், இருந்தாலும் நெய்வேலியில் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டி வடலூர் போகிற சாலையில் சமியுல்லா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பெயர் ஃபௌசியா மெஸ். ஃபௌசியா அவருடைய மனைவி. மசாலா அரைப்பது, சமைப்பது, இலையில் சோற்றை மிச்சம் வைக்கிறவர்களை முறைப்பது எல்லாம் அந்தம்மாதான். பரோட்டா அடிப்பதும் சிரித்துப் பேசுவதும் சமியுல்லாவின் வேலை. சுரங்கத்து ஆட்கள், அதிலும் கான்ட்ராக்ட் ஆட்கள், ஷிப்ட் முடிந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்காருவார்கள். சமியுல்லா குடும்பத்து நிலமெல்லாம் அவருடைய அப்பா காலத்திலேயே சுரங்கத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த மனையும் இந்தக் கடையும்தான். இதுவும் போனால் இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்குகிறதென்று சமையல்கட்டுக்குப் பின்னால் சமியுல்லா ஒரு குழி வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று கல்லில் பட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் வரிவரியாகச் செதுக்கிய கல். ஏதோ ஒரு பழைய கோயிலின் அடித்தளம். அதிட்டானம் என்பார்கள். கீழே பட்டையாக ஒரு வரி, அதன்மேல் உருண்டு திரண்டு வருகிற குமுதம் என்ற வரி, அதற்கும் மேலே வாயைப் பிளந்துகொண்டு யாளி முகங்கள். பக்கத்தில் ஒரு சிற்பம் கிடந்தது. தலை இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை, நடு உடம்பு மட்டும் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருந்திருக்கிறது, பாவம்.

"மண்ணத் தள்ளி மூடுங்க. வேற எடத்துல குழி வெட்டிக்கலாம்," என்றார் ஃபௌசியா.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ராமசாமி எச்சில் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டர் அவர், பெர்மனென்ட் ஆள்.

"மூடக் கூடாது பாய். பக்கெட்ல எது புதுசா தட்டுப்பட்டாலும் மெஷின நிறுத்து, மேல சொல்லு. அதான் மைன்ஸ் ரூலு. நாங்க காலங்காலமா அப்படித்தான் பண்ணிக்கினு இருக்கோம், ஒரு கெடுதல் வந்ததில்ல."

சுரங்கத்தில் மேலே சொன்னால் ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, வெட்டுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டுப் போவார். ராமசாமி கண்ட 'மேலே' அவ்வளவுதான். சமியுல்லாவும் அதை நம்பி மேலே சொன்னார். அங்கேயிருந்து இன்னும் மேலே போய், கடைசியில் தென்னகப் பழங்கோயில் சமய நிர்ணய ஆணையத்திடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு பழைய கட்டடம் சைவமா சமணமா என்று முடிவு சொல்வது இந்த ஆணையத்தின் வேலை. முடிவு சொல்லும்வரை அங்கே யாரும் புழங்கக் கூடாது. ஆணையம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எதற்கும் முடிவு சொன்னதில்லை. அதில் சைவப் பிரிவு என்று ஒன்று, சமணப் பிரிவு என்று ஒன்று. சைவப் பிரிவுக்கு ஜெயகணேஷ் அதிகாரி, சமணப் பிரிவுக்கு விஜயராஜ். விஜயராஜ் போன வருஷம்வரை சைவப் பிரிவில் இருந்தார். மாறுதல் உத்தரவு வந்தது, மறுநாள் காலையிலிருந்து சமணத்துக்காக உயிரைவிட ஆரம்பித்தார். அதற்காக மட்டன் சுக்காவை விட்டுவிடவில்லை. அது வீட்டு விஷயம், பணி விதிகளில் வராது.

வந்த அன்றே சமையல்கட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் வரக் கூடாது. ஆணையத்தின் உறுப்பினர்களுக்குச் சமைப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

"எப்ப சார் கடையத் தொறக்கலாம்?" என்று கேட்டார் சமியுல்லா.

ஆணையத்தின் தலைவர் முனைவர் நல்லசாமி பொறுமையான மனிதர். கையைக் கழுவிக்கொண்டு வந்து விளக்கினார்.

"சமியுல்லா அவர்களே, அந்தக் காலத்தில் ஒரே சிற்பிக் கூட்டம்தான் சைவக் கோயிலையும் கட்டியது, சமணப் பள்ளியையும் கட்டியது. அதே உளி, அதே அளவு, அதே குமுதம். அடித்தளத்தைப் பார்த்து எது எதுவென்று எவனாலும் சொல்ல முடியாது. இது எங்களுக்கு மிக நன்றாகத் தெரியும். வித்தியாசமே இல்லாத இடத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அரசு எங்களுக்கு இத்தனை பதவிகளும் இரண்டு ஜீப்பும் கொடுத்திருக்கிறது. அவசரப்பட்டால் எப்படி?"

அவசரப்பட்டதற்கு சமியுல்லா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

முதல் ரத்தம் அன்று மாலையே சிந்தியது. தலையில்லாத சிற்பத்தின் மார்பில் குறுக்காக ஒரு கோடு ஓடியது. ஜெயகணேஷ் அதைப் பூணூல் என்றார். விஜயராஜ் விரிசல் என்றார். "உன் கண்ணுல விரிசல்," என்று ஜெயகணேஷ், அளவு எடுக்கிற சிவப்பு வெள்ளைக் கம்பால் விஜயராஜின் மண்டையில் ஒன்று வைத்தார். விஜயராஜ் விழவில்லை. நேற்றுவரை சைவத்தில் ஊறிய உடம்பு. பரோட்டா மாவு உருட்டும் கட்டையை எடுத்து ஜெயகணேஷின் மூக்கில் வீசினார். விலக்கிவிடப் போன சமியுல்லாவுக்கு இரண்டு பக்கமும் கிடைத்தது. அவருடைய கீழுதடு கிழிந்து தொங்கியது. மூன்று பேரின் ரத்தமும் யாளி முகங்களின் மேல் சொட்டியதை ஓர் உதவியாளர் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

நல்லசாமி இதைக் கண்டு மனம் தளரவில்லை. கருத்து வேறுபாட்டை அறிஞர்கள் இப்படித் தீர்த்துக்கொள்வது நாகரிகமில்லை, நம் மரபில் இதற்கென்று முறை இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் சைவர்களும் சமணர்களும் வாதம் செய்தபோது ஏடுகளைத் தீயில் போட்டார்களாம், எரியாத ஏடு வென்றதாம். அதற்கு அனல் வாதம் என்று பெயர். பிறகு ஆற்றில் விட்டார்களாம், எதிர்நீச்சல் போட்ட ஏடு வென்றதாம். அது புனல் வாதம். தோற்றவர்களைக் கூர்மையான கழுமரத்தில் ஏற்றியதாகவும் கதை உண்டு. ஊர் உலகம் இதைக் கதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆணையம் நடைமுறை விதி என்று எடுத்துக்கொண்டது.

அனல் வாதத்துக்கு சமியுல்லாவின் பரோட்டா அடுப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. கயிற்றுக்கு வெளியே ஷிப்ட் முடிந்த ஆட்கள் வெறும் வயிற்றோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பிரிவும் தங்கள் ஆய்வறிக்கையைக் கொண்டு வந்தன. சைவப் பிரிவு முன்யோசனையாக ஒவ்வொரு பக்கத்தையும் லேமினேஷன் செய்திருந்தது. சமணப் பிரிவு இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டு வந்திருந்தது. நல்லசாமி இரண்டையும் அடுப்பில் வைத்தார்.

ஊறின அறிக்கை புகைந்தது. லேமினேஷன் உருகிச் சொட்டுச் சொட்டாகத் தீயோடு விழுந்தது. பின்வாங்கிய விஜயராஜின் முழங்கை பட்டு எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. தீ குபீரென்று எழுந்து கீற்றுக் கொட்டகையைப் பிடித்தது. ஜெயகணேஷ் "எங்கள் ஏடு எரியவில்லை, உருகியதுதான், விதியில் உருகல் வராது" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார். சமியுல்லா உள்ளே ஓடினார். உள்ளே ஃபௌசியா இருந்தார்.

சமியுல்லா வெளியே வரும்போது ஃபௌசியாவை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். சமியுல்லாவின் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோயிருந்தது. பரோட்டா அடிக்கிற கை அது. மனுஷன் அழவில்லை, கையை அந்நியருடைய பொருளைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அழுதவர்கள் உண்டு. ராமசாமி தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேல சொல்லச் சொன்ன என் வாயில மண்ண அள்ளிப் போடணும் பாய்," என்றார்.

"நீ நல்லதுக்குத்தான சொன்ன. வுடு," என்றார் சமியுல்லா.

தீ இரு தரப்பையும் ஏற்கவில்லை என்று ஆணையம் பதிவு செய்தது. தீ ஏற்றுக்கொண்டது கடையின் கூரையைத்தான், அதைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

புனல் வாதம், சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் நடந்தது. இரண்டு அறிக்கையையும் விட்டார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே இரண்டும் போயின. ஜெயகணேஷ் வாய்க்காலில் குதித்து, தன் அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீர் வந்த பக்கமாக நீந்தத் தொடங்கினார். அது எதிர்நீச்சலாகக் கணக்கிடப்பட வேண்டும் என்றார். விஜயராஜ் கரையிலிருந்து கல்லை விட்டார். ஜெயகணேஷின் இரண்டு முன்பற்கள் போயின. அவற்றைத் தேடிக் கொடுக்கும்படி சமியுல்லாவை, கட்டுப் போட்ட கையோடு, தண்ணீரில் இறக்கினார்கள். இடத்தின் உரிமையாளர் ஒத்துழைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

மூன்றாவதாகக் கழு. இந்த இடத்தில்தான் நல்லசாமியின் நிர்வாகத் திறமை வெளிப்பட்டது. நாற்காலியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"தோற்றவர்களைத்தான் கழுவேற்ற வேண்டும். இங்கே இரண்டு பேரும் தோற்கவில்லை. அதற்காகக் கழுவை ஒத்திப் போட்டால் மரபு என்ன ஆவது? ஆகவே முதலில் கழுவேற்றத்தை நடத்துவோம். யார் ஏறுகிறாரோ அவர் தோற்றவர் என்று பின்னால் முடிவு செய்துகொள்ளலாம். எந்த வழியிலாவது ஒரு முடிவுக்கு வருவதே ஆணையத்தின் நோக்கம்."

குழியின் ஓரத்தில் ஒரு கடப்பாரையைக் கூர்முனை மேலே வரும்படி நட்டார்கள். சைவப் பிரிவு ஆட்களும் சமணப் பிரிவு ஆட்களும் ஒருவரையொருவர் தூக்கி அதன்மேல் உட்காரவைக்கப் பார்த்தார்கள். வேட்டிகள் கிழிந்தன. ஒருவருடைய காது மற்றவர் வாயில் இருந்தது. யாரையும் ஏற்ற முடியவில்லை, அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான். ஏற்ற முடியாத ஆத்திரத்தில் ஜெயகணேஷ், பல் போன வாயால், "அடியில் ஆவுடையார் இருக்கு, காட்டுறேன்டா," என்று சம்மட்டியைத் தூக்கினார். குமுதத்தின் மேல் ஓங்கிப் போட்டார். அது வாய்விட்டு உடைந்தது. விஜயராஜுக்குப் பொறுக்கவில்லை. "அடியில் எங்கள் கல்வெட்டு இருக்கு," என்று யாளி முகங்களின் மேல் இறக்கினார். அதன்பிறகு யார் எதை உடைக்கிறார்கள் என்று தெரியவில்லை. கூலிக்கு வந்த ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். யாளிகளின் முகங்கள் தெறித்துச் சாலைவரை வந்து விழுந்தன. தலையில்லாத அந்த உடம்பையும் விட்டுவைக்கவில்லை. சமியுல்லா குழிக்குள் குதித்து அதன்மேல் கவிழ்ந்து படுத்தார்.

"வேணாங்க, வுட்டுடுங்க! அது பாட்டுக்குக் கெடக்குதுங்க, யாரு வம்புக்குங்க போச்சு?"

அவருடைய காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டு, அதையும் உடைத்தார்கள்.

எல்லாம் உடைந்த பிறகு அடியில் பார்த்தார்கள். சிவப்பு மண் இருந்தது.

ஒவ்வொருவராகச் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். மூச்சு வாங்கினார்கள். அப்போதுதான் நல்லசாமிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பழம்பொருளை உடைத்தால் சிறை. உடைத்தது ஆணையமே. முகமெல்லாம் வெளுத்துப்போய், இரண்டு அதிகாரிகளையும் கூரை போன கடைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபௌசியாவிடம் டீ கேட்டார்கள். டீ கொண்டுபோய் வைத்தபோது அந்தம்மாவின் முகத்தை மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்களாம். முக்காடிட்ட தலையை. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதை ஃபௌசியாவே பிற்பாடு சொன்னார்.

கதவு திறந்தபோது சைவமும் சமணமும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தன. ஆணையத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒருமனதாக ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. உடைந்த கட்டடம் சைவமா சமணமா என்பது இனித் தேவையில்லாத கேள்வி. அது உடைக்கப்பட்ட காலம் பதினான்காம் நூற்றாண்டு. உடைத்தவர்கள் வெளியேயிருந்து வந்த படையினர். கற்களில் படிந்திருக்கும் ரத்தக் கறையே அந்தக் கொடுமைக்குச் சான்று. அந்தப் படையின் வழிவந்தவர்கள் அதே இடத்தை ஆக்கிரமித்து இன்றுவரை வியாபாரம் செய்துவருவதாலும், உடைத்தவர்கள் இப்போது உயிரோடு இல்லாததாலும், அவர்கள் சார்பில் பொறுப்பேற்கக்கூடியவர் சமியுல்லா ஒருவரே. கடை அகற்றப்பட வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் நல்லசாமிக்குக் கண் கலங்கியது. "இத்தனை வருஷம் நாம் சண்டை போட்டுக்கொண்டோமே, நமக்குள் எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது பாருங்கள்," என்றார்.

சமியுல்லாவின் குடும்பம் பதினான்காம் நூற்றாண்டில் சேத்தியாத்தோப்புப் பக்கம் நெசவு செய்துகொண்டிருந்ததா, ஏர் ஓட்டிக்கொண்டிருந்ததா, எந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் இருந்ததில்லை, பரோட்டா அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் சப் இன்ஸ்பெக்டர் தனகோட்டி வந்தார். அவரும் இந்தக் கடையில் சாப்பிடுகிறவர்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆணையத்தார் மூவரும் பெஞ்சில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே வழக்கம்போல ஷிப்ட் ஆட்கள் நின்றார்கள்.

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. புகார் வந்துருக்கு, நான் கேட்டுத்தான் ஆவணும். பதினாலாம் நூற்றாண்டுல நீங்க எங்க இருந்தீங்க?"

சமியுல்லா கிழிந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தார். "என்னா சார் நீங்களும். இது நேத்து சாயங்காலம் இவங்க ஒடச்சதுங்க."

"ஆமா சார்!" என்று கயிற்றுக்கு வெளியேயிருந்து ராமசாமி கத்தினார். "நாங்க இத்தினி பேரும் பாத்துக்கினு இருந்தோம். எங்க வேணா வந்து சொல்றோம்."

"நேத்து ஒடச்சதப் பத்தி எனக்குப் புகார் வரலீங்க. பதினாலாம் நூற்றாண்டுல ஒடச்சதுக்குத்தான் வந்துருக்கு. அதப் பாத்த சாட்சி யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. நேர்மையான ஆட்கள்.

"அப்ப நீங்கதான் பாய் சொல்லணும். எங்க இருந்தீங்க?"

சமியுல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். கூரை இல்லாத கொட்டகையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ராத்திரி முழுக்கக் கை எரிந்து அவர் தூங்கியிருக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சி நான் எப்பவும் கடையிலதாங்க இருப்பேன்."

"சம்பவ இடத்தில் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார்," என்றார் நல்லசாமி பெஞ்சிலிருந்து. "எழுதிக்கொள்ளுங்கள்."

கான்ஸ்டபிள் ஒருவர் சமியுல்லாவின் கையைப் பிடித்தார். வெந்த கை. கட்டுக்கு மேலேயே பிடித்துவிட்டார். தீயில் அழாத மனிதர் அப்போது போட்ட சத்தம் சாலையின் அந்தப் பக்கம்வரை கேட்டது. அப்படியே கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றினார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஆட்களைத் தனகோட்டி கும்பிட்டு நிறுத்தினார்.

நல்லசாமி உள்பக்கம் திரும்பினார். "ஏம்மா, மூணு பிரியாணி. சால்னா கொஞ்சம் தாராளமா."

ஃபௌசியா அடுப்படியில் நின்றிருந்தார். சால்னா குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தானையைச் சுற்றிக் குண்டானின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். நிதானமாக நடந்து வந்தார். பெஞ்சின் முன்னால் நின்று, மூன்று மடியிலும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார்.

எழுந்த அலறலில் எது சைவம் எது சமணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூவரும் வாய்க்காலைப் பார்த்து ஓடினார்கள். காலியான குண்டானைத் தரையில் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஃபௌசியா ஜீப்பருகே போனார். பேனாவும் கையுமாக நின்ற தனகோட்டியிடம் சொன்னார்:

"சார், இது இன்னிக்கி நடந்தது. இத்தினி பேரு சாட்சி இருக்காங்க. இத எழுதிக்கினு, அவர எறக்கி வுடுங்க."